ரொறொன்ரோ அண்ணை வாக்குச் சேர்க்க வந்த நாள்

அவரைக் கூப்பிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவர் வருவதற்கு முந்திய மூன்று வாரமும் "நான்தான் கதைச்சுக் கூப்பிட்டனான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த நான்கு பேர், இப்போது அந்தப் பெருமையை எனக்கே விட்டுத் தந்திருக்கிறார்கள். மொன்றியல் தமிழர்கள் இவ்வளவு பெருந்தன்மையானவர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் உள்ளூர்க் கூட்டத்துக்கு வெளியூர்ப் பிரமுகர்கள் வந்து வாக்குக் கேட்கலாமா கூடாதா என்று இப்போது எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. அப்போது ஒருவருக்கும் இருக்கவில்லை. இருந்தது அவளுக்கு மட்டும்தான். அவள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

அவள் என்றால் என் பக்கத்து வீட்டுக்காரி. கார்தெரி நடத்துகிறவள். தாய்மார் வேலைக்கு ஓட முதல் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடும் இடம் அது. எட்டுப் பிள்ளைகள், எட்டு மொழி, எல்லாவற்றுக்கும் அவளுடைய பிரெஞ்சு ஒன்றே மருந்து. என்னை அக்கா என்பாள். நான் அவளைப் பிள்ளை என்பேன், அவளுக்கு நாற்பத்தெட்டு வயதானாலும்.

எங்கள் வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர் ஒரு கிழவர். இருபது வருடம் அந்தக் கதிரையில் இருந்தவர், போன வருடம் ஒரு நாள் எழும்பி, இனி ஏலாது, நான் மீன் பிடிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அவருடைய கட்சி ஒரு தபால் பெட்டியை நிறுத்தினாலும் வெல்லும். ஆகவே கட்சிக்குள் யார் வெல்கிறாரோ அவர்தான் உறுப்பினர். நவம்பரில் நடக்கும் தேர்தல் தாலி கட்டி முடிந்த பிறகு கேட்கும் சம்மதம் மாதிரி.

அவள் அந்தக் கட்சியில் பதினொரு வருடம் உழைத்தவள். கூட்டக் குறிப்பு எழுதியது அவள், கோப்பி போட்டது அவள், கடிதங்களை மூன்று மொழிக்கு மாற்றியது அவள். எப்போதாவது ஒரு இடம் காலியாகும் போலத் தெரிந்தால், "அடுத்த முறை, மடாம்" என்பார்கள். இந்த முறை விட்டால் அந்தக் கதிரையில் இன்னொருவர் இருபது வருடம் இருப்பார். அப்போது அவளுக்கு எத்தனை வயது என்று அவளே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுத்தாள். கார்தெரியை ஜூனோடு தன் மச்சாளிடம் ஒப்படைப்பதாகப் பெற்றோருக்கும் சொல்லிவிட்டாள். எனக்கு அந்தத் துணிவு பிடித்தது. பயமாகவும் இருந்தது.

எனக்கு அவள்மேல் ஒரு கடமை உண்டு. நான் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். விடிய வேலை. அப்போது எங்களிடம் கார் இல்லை, எங்கள் பக்கத்தில் இருந்து அந்த நேரத்துக்கு ஒரு நேரான பஸ்ஸும் இருக்கவில்லை. மாசி மாதப் பனியில் இரண்டு பஸ் மாறி, மாறும் இடத்தில் அரை மணித்தியாலம் நின்று, காதுகள் என்னுடையவையா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அவள் மூன்று வருடம் கடிதம் எழுதினாள். எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நகரசபைக் கூட்டத்தில் கேள்வி கேட்க வைத்தாள். பஸ் வந்தது. பஸ் வந்த நாளில் எடுத்த படத்தில் நடுவில் நின்று சிரித்தவர், பிறகு மீன் பிடிக்கப் போன கிழவர்தான்.

அவளுக்கு எதிராக நின்றவர் ஒரு இளம் வழக்கறிஞர். நல்ல வடிவான மனுசன், பல்லெல்லாம் ஒரே அளவு. டவுன்டவுனில் இருந்து போன இலையுதிர் காலத்தில்தான் எங்கள் வட்டாரத்துக்கு வீடு மாறி வந்தவர். பனி அள்ளும் நாளில் தெருவின் எந்தப் பக்கம் கார் நிறுத்தக்கூடாது என்று தெரியாமல் இரண்டு தரம் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகக் கொடுத்தவர். கட்சித் தலைமைக்கு அவரைப் பிடிக்கும் என்று ஊரெல்லாம் கதை. அதனால் அவளுடைய பிரசாரம் முழுவதும் ஒரே ஒரு வசனத்தில் நின்றது: நான் இந்த இடத்து ஆள், அவர் வெளியாள். பிரெஞ்சில் சொன்னாலும், தமிழில் சொன்னாலும், ஹெயிட்டிக் கிழவிகளிடம் கையைப் பிடித்துச் சொன்னாலும் அதுதான். நல்ல வசனம். சின்னது, உண்மையானது, ஒருவராலும் மறுக்க ஏலாதது.

கட்சிக்கு உறுப்பினர் சேர்ப்பது என் பொறுப்பு, கட்சி உறுப்பினர்களுக்குத்தான் வாக்கு. கையெழுத்துப் போடுவதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை. தேவாலய வாசலில், வேலையிடத்தில், கோயில் அன்னதான வரிசையில், எங்கே படிவத்தை நீட்டினாலும் "உங்களுக்காக அக்கா" என்று போட்டுத் தந்தார்கள். சிலர் எதற்கென்று கேட்கவேயில்லை. பிரச்சினை அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நேரில் வந்து வாக்குப் போட வேண்டும். ஞாயிறு பின்னேரம் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரு சாமத்தியவீடு, ஒரு அந்தியேட்டி, ஒரு பிறந்தநாள் என்று மூன்று அழைப்பாவது இருக்கும். மிச்சமானவர்கள் நித்திரை. "வாறம் அக்கா" என்று சொன்ன குரலை வைத்தே எனக்குத் தெரியும், எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாக்குப் போட வராத சனம், ஆளைப் பார்க்க வரும்.

ரொறொன்ரோவில் ஒருவர் இருக்கிறார். பட்டிமன்ற நடுவர். ஞாயிறு தோறும் அங்கத்தைய தமிழ்த் தொலைக்காட்சியில் வருவார். வீட்டில் பொறுமை கூடியவர் கணவனா மனைவியா என்ற மாதிரித் தலைப்பில் ஆறு பேரைப் பேசவிட்டு, நடுவில் இருந்து பகிடி விட்டு, கடைசியில் இரண்டு பக்கமும் சரி என்று தீர்ப்புச் சொல்லுவார். எங்கள் வீடுகளில் அவர் வராத ஞாயிறு இல்லை. என் கணவர் நான் கூப்பிட்டால் திரும்பமாட்டார், அவர் கூப்பிட்ட மாதிரித் தொலைக்காட்சிக்கு முன்னால் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவளிடம் போய்ச் சொன்னேன். கார்தெரி முடிந்து, சின்னச் சின்னச் சப்பாத்துகளைச் சோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அக்கா" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"ஏன் வேண்டாம்? மனுசன் வந்தால் மண்டபம் நிறையும்."

"நான் அந்த ஆளை வெளியாள், வெளியாள் எண்டு சொல்லித்தானே வோட்டுக் கேக்கிறன். பேந்து நானே ரொறொன்ரோவில இருந்து ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன மாதிரி இருக்கும்?"

"ரொறொன்ரோ என்ன வெளியோ? அங்க இருக்கிறதும் எங்கட சனம்தானே!"

"உங்களுக்கு எங்கட சனம். பக்கத்து வீட்டு இத்தாலியனுக்கு?"

"இத்தாலியன் எப்பிடியும் உனக்குத்தான் போடுவான். எங்கட ஆக்களை எழுப்பிக்கொண்டு வாறதெல்லோ வேலை. நீ சும்மா இரு பிள்ளை, உனக்கு உது விளங்காது."

பதினொரு வருடம் கட்சிக்குள் கிடந்தவளுக்கு அரசியல் விளங்காது என்று, கோழிக்கறிப் பெட்டிக்கு மூடி போடுகிற நான் சொன்னேன். அவள் கையில் இருந்த சப்பாத்தை அதன் சோடியோடு வைத்தாள். "சரி அக்கா, நீங்கள் சொன்னால் சரி" என்றாள். மூத்தவளுக்கு எதிர்த்துக் கதைக்கக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை. அந்த வளர்ப்பை நான் அன்றைக்கு நன்றாகப் பாவித்தேன்.

அவருக்கு ஃபோன் அடித்தேன். குரலைக் கேட்டதும் எழும்பி நின்றுவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"மொன்றியலோ?" என்றார். "இன்னும் அங்கயே இருக்கிறியள்?"

ரொறொன்ரோக்காரர் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. அவர்களில் பாதிப் பேர் கனடாவுக்கு வந்து இறங்கியது மொன்றியலில்தான். பிரெஞ்சுக்குப் பயந்து ஆறு மாதத்தில் ஓடிவிட்டு, பிறகு எங்களைத் தாழும் கப்பலில் விட்டுவிட்டு வந்த ஆட்கள் மாதிரி விசாரிப்பார்கள். இவரும் ஒரு குளிர்காலம் இங்கே இருந்தவராம். "அந்தக் கோதாரிக் குளிரை நான் மறக்கேல்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தேன்.

"வாறன் தங்கச்சி. தமிழ்ப் பிள்ளை ஒண்டு முன்னுக்கு வருகுதெண்டால் வராமல் இருப்பனே? ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன், எனக்குப் பொன்னாடை கின்னாடை ஒண்டும் வேண்டாம்."

பொன்னாடை வேண்டாம் என்று ஒருவர் தானாகச் சொன்னால், எத்தனை பொன்னாடை என்று கேட்கிறார் என்று அர்த்தம். நான் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். நகரின் தமிழ்ச் சங்கம் ஒன்றுக்குச் செய்தது. தேவாலயக் குழு ஒன்றுக்குச் செய்தது. ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில். ஒன்றரைக்குப் போனபோதே மண்டபம் நிறைந்து, சுவரோரம் சனம் நின்றது. பட்டுச் சேலைகள், நகைகள், பிள்ளைகளுக்குத் தலை இழுத்துப் பூ வைத்து. எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. வழக்கறிஞரின் ஆட்கள் காற்சட்டையும் கோப்பிக் குவளையுமாய் ஒரு மூலையில் இருந்தார்கள், வேறு யாருடையவோ கலியாணத்துக்குத் தவறி வந்தவர்கள் போல.

கட்சியில் இருந்து தேர்தலை நடத்த ஒரு பெண் வந்திருந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்ட, சிரிக்காத ஒரு கியூபெக் மனுசி. இரண்டு பக்கத்துப் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். ஒரு வேட்பாளருக்குப் பத்து நிமிடம். அதற்குள் அவர் பேசலாம், வேறு யாரையும் பேச வைக்கலாம், பத்து முடிந்தால் மணி. பிறகு பக்கத்து அறையில் வாக்களிப்பு, நான்கு மணி வரை. நான்கு மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் போடலாம், அதற்குப் பிறகு வருபவர்கள் போட ஏலாது. நான் எல்லாவற்றுக்கும் "வீ, வீ, மடாம்" என்று தலையாட்டினேன். விளங்கியும் இருந்தது. விளங்கவில்லை என்று பின்னால் சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை.

ரொறொன்ரோ அண்ணை வந்து இறங்கியதும் மண்டபம் எழும்பி நின்றது. தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் கட்டையானவர். அவளுடைய முறை வந்தது. பத்து நிமிடம் ஓடத் தொடங்கியது.

முதலில் தமிழ்ச் சங்கத் தலைவர் அவரை அறிமுகம் செய்தார். எல்லாருக்கும் தெரிந்த ஒருவரை, அறிமுகம் தேவையில்லாதவர் என்று சொல்லி, நீளமாக அறிமுகம் செய்தார். பிறகு பொன்னாடை. சங்கத்துடையதைப் போர்த்தி முடியும் வரை தேவாலயக் குழுவினர் படியில் காத்து நின்றார்கள். அவர்கள் போர்த்திய பிறகு நான் போனேன். மூன்றாவது பொன்னாடைக்கு அவருடைய தோளில் இடம் இருக்கவில்லை. ஆனாலும் போர்த்தினேன், படம் எடுக்கிறவர் சரியாகப் படவில்லை என்றதால் எடுத்து இன்னொரு தரம் போர்த்தினேன். அந்தக் கியூபெக் மனுசி மணிக்கூட்டைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார். இது என்ன சடங்கோ, இடையில் நிறுத்தினால் பாவமோ என்று யோசித்திருக்க வேண்டும்.

அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "போன்ஜூர்!" என்றார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டு. அந்த மண்டபத்தில் அவர் சொன்ன பிரெஞ்சு அவ்வளவுதான். பிறகு ஒரு நிமிடம் ஆங்கிலத்தில், ரொறொன்ரோவில் இருந்து வணக்கம் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்களின் மூலையில் யாரோ பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதன் பிறகு தமிழ். ஆகா, என்ன தமிழ்! மனுசன் சிரிக்க வைத்தார், அழ வைத்தார். பெண் என்றால் யார், தாய் என்றால் யார், தாலாட்டும் கை ஊரை ஆண்டால் என்ன ஆகும் என்றெல்லாம் பேசினார். பஸ்ஸைப் பற்றி ஒன்றும் இல்லை. அவளுடைய பெயரை ஒரு தரம் சொன்னார், அதுவும் பிழையாக.

பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே. இருபது வருடம் இரண்டு அணிக்கும் நடுவில் இருந்த வாய், ஒரு அணிக்காக மட்டும் எப்படிப் பேசும்? முடிக்கப் போகும் நேரத்தில் வழக்கறிஞரின் பக்கம் கையை நீட்டினார். "அந்தத் தம்பியையும் நான் பாக்கிறன். முகத்தில என்ன களை! அவரும் சளைச்சவர் இல்லை. இந்த ஊர் குடுத்துவைச்ச ஊர், ரெண்டு பக்கமும் தங்கம்" என்றார். அதை மட்டும் நல்ல மனதோடு ஆங்கிலத்திலும் சொன்னார். வழக்கறிஞர் எழும்பி நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். எங்கள் சனம் அதற்கும் கைதட்டியது.

அவள் ஒலிவாங்கிக்கு வரும்போது ஒன்றரை நிமிடம் மிச்சம். கையில் நான்கு தாள். இரண்டு கிழமை எழுதி, கார்தெரிப் பிள்ளைகள் நித்திரையாகும் நேரத்தில் எனக்குப் படித்துக் காட்டி, நான் ஒரு இடத்தில் அழுத பேச்சு அது. முதல் தாளின் பாதியில் வாசிப்பதை விட்டாள். பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மூலையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். மணி அடித்தது. "மெர்சி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். என் பக்கம் திரும்பவில்லை. பரவாயில்லை, சனம் வந்திருக்கிறது, சனம் போடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வழக்கறிஞர் ஏழு நிமிடம்தான் பேசினார். தொடக்கமே இப்படி: "என்னை வெளியாள் என்கிறார்கள். உண்மைதான், நான் ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்து வந்தவன். ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்து எங்களைப் பார்க்க வந்திருக்கும் பெரியவரை எங்கள் வட்டாரத்துக்கு வரவேற்கிறேன்." மண்டபமே சிரித்தது. பிரெஞ்சு விளங்காத எங்கள் ஆட்களும், தங்கள் ஆளைப் புகழ்கிறார் என்று நினைத்து விசில் அடித்தார்கள். அவளுடைய ஒற்றை வசனம் அந்தச் சிரிப்போடு போயே போச்சு.

வாக்களிப்புத் தொடங்கியது. எங்கள் ஆட்களில் கெட்டிக்காரர் கொஞ்சப் பேர் உடனே பக்கத்து அறைக்குப் போனார்கள். மற்றவர்கள் படம் எடுக்க ரொறொன்ரோ அண்ணையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே தள்ளுமுள்ளு. எனக்கு ஒழுங்கில்லாமல் இருந்தால் பிடிக்காது, சமையற்கூடத்தில் இருபது வருடம் வரிசையில் பெட்டி அடுக்கினவள். நடைபாதையில் ஒரு சுவரைப் பார்த்து, அவரை நிறுத்தி, வெளிச்சம் சரிபார்த்து, "வரிசையில வாங்கோ, குடும்பம் குடும்பமா வாங்கோ, ஒராளும் தள்ளாதேங்கோ" என்று அருமையான ஒரு வரிசை பிடித்தேன். நடைபாதை முழுவதும் வளைந்து, குடிநீர்க் குழாயைத் தாண்டிப் போயிருந்தது. எங்கள் சனம் இப்படி வரிசையில் நின்று நான் கண்டதில்லை.

அந்த நேரத்தில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், நாற்பது வருடமாக இங்கே இருப்பவர், நான்தான் அவரிடமும் படிவம் நிரப்பி வாங்கியிருந்தேன்.

"மேடம், இது ஓட்டுப் போடற க்யூவா?"

"இல்லை சேர், இது படத்துக்கு. வோட்டு அங்கால."

"அப்போ இவங்கள்லாம் ஓட்டுப் போட்டுட்டாங்களா?"

"போடுவினம் சேர், நாலு மணி மட்டும் நேரம் கிடக்கு."

"முதல்ல ஓட்டு, அப்புறம் ஃபோட்டோன்னு சொல்லிப் பாருங்களேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. இவர் யார் எனக்கு வகுப்பு எடுக்க? "எங்கட ஆக்களை எங்களுக்குத் தெரியும் சேர்" என்றேன். அவர் "சரிங்க" என்று போய், வாக்கைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார். படம்கூட எடுக்கவில்லை. கொஞ்சம் கர்வம் பிடித்த மனுசன் என்று நினைத்தேன்.

அவள் இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். முதல் தரம், "அக்கா, ஆக்களை அனுப்பட்டாம்" என்று. "வாறம் வாறம்" என்றேன். இரண்டாம் தரம் அவளே நடைபாதை முனைக்கு வந்து நின்றாள். "அக்கா, அங்க வரிசையே இல்லை. இப்ப வந்தால் உடன போட்டிட்டுப் போகலாம்" என்றாள். நான் கையால் பொறு என்று காட்டினேன். குறை சொல்லக்கூடாது, அண்ணை ஒவ்வொருவரோடும் அன்பாகக் கதைத்தார். எந்த ஊர், யாருடைய மகள், அவருடைய சகலனைத் தெரியுமே என்று. இடையில் அவரை இழுத்துக்கொண்டு போக ஏலுமா? வந்த விருந்தாளியை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் வாக்குப் போடப் போனால் அவர் என்ன நினைப்பார்? இப்போது எழுதும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அப்போது அது மரியாதையாக இருந்தது.

பொறுப்பானவள் கடைசியாகத்தான் நிற்க வேண்டும். ஆகவே நான் கடைசியாக நிற்கத் தீர்மானித்தேன். ஆனால் முப்பது பேர் இன்னும் மிச்சமிருக்க, அவரே "தங்கச்சி, நீங்கள் வாங்கோ, உங்களோட முதல் ஒண்டு" என்று கூப்பிட்டார். சேலையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் போய் நின்றேன். ஒன்று எடுத்தார்கள். கண்ணை மூடிவிட்டேன் என்றார்கள். இன்னொன்று எடுத்தார்கள். மணி நாலு. பக்கத்து அறைக் கதவுக்குக் குறுக்கே நாடா இழுத்து ஒட்டும் சத்தம் கேட்டது.

ஓடினேன். பின்னால் முப்பது பட்டுச் சேலையும் கோட்டும் ஓடி வந்தன. கியூபெக் மனுசி நாடாவின் அந்தப் பக்கத்தில் நின்றார்.

"வரிசையில் நின்றவர்கள் போடலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!" என்று என் உடைந்த பிரெஞ்சில் கத்தினேன். "நாங்கள் ஒரு மணித்தியாலமாக வரிசையில் நிற்கிறோம்!"

"எந்த வரிசையில், மடாம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

நான் நடைபாதைப் பக்கம் கையைக் காட்டினேன். பின்னால் யாரோ, "இது இனத்துவேசம்" என்றார். இன்னொருவர், "அப்ப படம் எடுத்து முடிப்பம், வாங்கோ" என்று திரும்பிப் போனார்.

ஒன்பது வாக்கால் தோற்றாள்.

முடிவை வாசித்தபோது ரொறொன்ரோ அண்ணை மண்டபத்தில் இல்லை. இருட்ட முதல் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டுமென்று, மூன்று பொன்னாடையையும் மடித்துக் காரின் பின்னுக்கு வைத்துக்கொண்டு போய்விட்டார். கிங்ஸ்டனுக்குக் கிட்டப் போகும்போது எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: நல்ல கூட்டம், நல்ல சனம், வெற்றி விழாவுக்கும் கூப்பிடுங்கோ. நான் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன். வேறு என்ன அனுப்ப?

வழக்கறிஞர் வந்து அவளுடைய கையைப் பிடித்து, கட்சி உங்களை மறக்காது, அடுத்த முறை, மடாம் என்றார். அவள் பிரெஞ்சில் அவரை வாழ்த்தினாள், வடிவாக, ஒரு சொல்லும் தடக்காமல். சபைக்குக் கேட்க அவள் அன்றைக்குப் பேசியது மேடையில் ஒன்றரை நிமிடமும், அங்கே நின்று அரை நிமிடமும்தான்.

அவளை என் காரில்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். மடியில் ஒரு காகிதக் கட்டு வைத்திருந்தாள். வாக்குச் சாவடியில் அவளுக்காக இருந்தவர் கொடுத்தது, உறுப்பினர் பட்டியலின் பிரதி. நான் வாய் ஓயாமல் கதைத்தேன். மணி அடித்த விதம் சரியில்லை, தமிழ்ச் சங்கத் தலைவருக்கு வாய் கூட, கட்சித் தலைமை முதலே வழக்கறிஞருக்கென்று எழுதிவைத்துவிட்டது, முறையீடு செய்ய வேண்டும், எங்கள் சனம் திருந்தாது. அவள் தெருவிளக்கு வந்து போகும் வெளிச்சத்தில் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெளியில் பெப்ரவரிச் சேற்றுப்பனி கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது கேட்டாள். "அக்கா, நீங்கள் எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்?"

"நானோ? நான் துவங்கின உடனயே போட்டிட்டன் பிள்ளை. பேந்துதானே படத்துக்கு நிண்டனான்."

"ஓம்" என்றாள்.

காரை அவளுடைய வீட்டு வாசலில் நிறுத்தினேன். உள்ளே விளக்கைப் போட்டேன், அவள் இறங்கக் கால் வைக்கும் இடம் தெரியட்டும் என்று. அவளுடைய மடியில் பட்டியல் எங்கள் தெருவின் பக்கத்தில் திறந்தபடி இருந்தது. வாக்குப் போட்டவர்களின் பெயர்மேல் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். என் கணவரின் பெயரில் கோடு இருந்தது. அந்த மனுசன் எப்போது போய்ப் போட்டாரோ, எனக்குச் சொல்லவும் இல்லை. அதற்குக் கீழே என் பெயர், கோடு ஒன்றும் இல்லாமல், அச்சடித்த மாதிரியே கிடந்தது.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள். தாளை மெல்ல மூடினாள். கதவைத் திறந்து ஒரு காலை வெளியில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"ஒன்பதெல்லோ அக்கா வித்தியாசம். நீங்கள் ஒராள் போட்டிருந்தாலும் நான் தோத்துத்தான் இருப்பன். அதை யோசிச்சுக்கொண்டு முழிச்சிருக்காதேங்கோ. விடிய உங்களுக்கு வேலையெல்லோ."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு உள்ளே போனாள். நாலு வார்த்தை ஏசியிருக்கலாம் அவள். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன், பதிலும் வைத்திருந்தேன்.